நிழலுக்கும் நிலம் வேண்டும்

1908 செப்டம்பர் 28ஆம் தேதி ஹைதராபாத்தில் மூசி ஆறு கரை மீறி ஊருக்குள் பாய்ந்தது. பழைய புரானாபூல் தாக்குப்பிடித்தது. மற்றப் பாலங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அப்சல்கஞ்ச் மருத்துவமனை இடிந்தது. வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டதாகச் சொல்லப்படும் அந்த வெள்ளத்தில், ஆற்றை ஒட்டிய பூங்காவில் நின்ற ஒரு புளியமரத்தில் தொற்றி ஏறிய சுமார் 150 பேர், தண்ணீர் வடியும்வரை கிளைகளைக் கட்டிக்கொண்டு கிடந்து உயிர் பிழைத்தார்கள்.

அந்த மரம் இன்றும் இருக்கிறது. இப்போதைய உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்துக்குள் நிற்கிறது. வயது 400ஐத் தாண்டும் என்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 28 அன்று ஊர்க்காரர்கள் அதன் அடியில் கூடி, இறந்தவர்களை நினைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அவை வந்தது பிறகு. அன்றைக்கு அந்த 150 பேருக்குக் கிடைத்தது ஒரு புளியமரம்தான்.

150 பேரைச் சுமக்கும் அளவுக்குக் கிளை பரப்பிய மரம் என்பதைக் காட்டிலும் என்னை வியக்க வைப்பது வேறு. பாலத்தைப் பெயர்த்த தண்ணீர் அந்த மரத்தைப் பெயர்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அதன் வேருக்கு ஆழமான ஆற்று மண் கிடைத்திருக்கிறது. யாரும் அதைச் சுற்றித் தோண்டவில்லை, கல் பதிக்கவில்லை. பழைய மரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் வயது எத்தனை, சுற்றளவு எத்தனை, எத்தனை ஏக்கர் என்றுதான் எல்லோரும் கேட்போம். நாட்டின் பேர்பெற்ற நிழல் மரங்களின் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்த எண்களுக்கு அடியில் ஒரே செய்தி கிடைக்கிறது: பிழைத்த மரங்கள் எல்லாம் யாரோ மண்ணை விட்டுவைத்த மரங்கள்.

அடிமரம் போன ஆலமரங்கள்

இதற்கு மிகப் பெரிய சான்று கொல்கத்தாவுக்கு அக்கரையில், ஹவுராவின் ஷிப்பூரில் இருக்கிறது. 1787இல் ராபர்ட் கிட் தொடங்கிய தாவரவியல் தோட்டம் அது. இன்று ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரில் இயங்குகிறது. அங்கே உள்ள பேராலமரத்துக்கு 250 வயதுக்கு மேல். ஒரு பேரீச்ச மரத்தின் உச்சியில் பறவை போட்ட விதையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். நம் ஊரில் பனையைச் சுற்றி ஆல் எழும்பி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை. 1864இலும் 1867இலும் அடித்த பெரும்புயல்களில் மரத்தின் கிளைகள் முறிந்தன. முறிந்த இடம் வழியே பூஞ்சை உள்ளே போனது. 15 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள அடிமரம் உள்ளுக்குள் அழுகத் தொடங்கியது. மற்றப் பகுதிகளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று 1925இல் அந்த அடிமரத்தையே அறுத்து எடுத்துவிட்டார்கள்.

வேறு எந்த மரமாக இருந்தாலும் கதை அதோடு முடிந்திருக்கும். இது ஆல். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளை ஊன்றிக்கொண்டு, ஏறத்தாழ 18,900 சதுர மீட்டர் பரப்பில், நடுவில் எதுவும் இல்லாமல், சுற்றிலும் தோப்பாக நிற்கிறது. அதைச் சுற்றி 330 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை போட்டார்கள். மரம் அந்தப் பாதையையும் தாண்டிப் பரவியது. தாண்டியபோது யாரும் கத்தியை எடுத்துக்கொண்டு வரவில்லை, அதுதான் முக்கியம். 2020 மே மாதம் ஆம்பன் புயல் அந்தத் தோட்டத்தையே புரட்டிப் போட்டது. பேராலும் அடிபட்டது, ஆனால் நின்றது.

சென்னைக்காரர்களுக்கு இதே கதையின் இன்னொரு வடிவம் பக்கத்திலேயே இருக்கிறது. 1882இல் பிரம்ம ஞான சபை அடையாற்றின் தென்கரைக்கு வந்தது. அந்த வளாகத்தில் உள்ள ஆலமரத்துக்கு 450 வயது என்பது பொதுவான மதிப்பீடு. அன்னி பெசன்ட்டும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அதன் நிழலில் நின்று பேசியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். 1989இல் வந்த சூறாவளி அதன் அடிமரத்தைச் சாய்த்துவிட்டது. தூக்கி நிறுத்தப் பார்த்தும் பலன் இல்லை. இன்று அங்கே போய் ‘எது அடிமரம்’ என்று தேடுபவர்களுக்கு வெறும் இடம்தான் தெரியும். ஆனால் நிழலுக்கு ஒரு குறைவும் இல்லை. ஊன்றிய விழுதுகள் ஒவ்வொன்றும் ஒரு மரம்போல் பருத்து, கிளையைத் தாங்கி நிற்கின்றன.

ஒரு விழுது எப்படித் தூணாகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கிளையிலிருந்து கிளம்பும்போது அது பழுப்பு நிறத்தில் சடைசடையாகத் தொங்கும் மெல்லிய நார். நுனி மட்டும் வெளிறி, ஈரமாக, இளசாக இருக்கும். காற்றில் ஆடிக்கொண்டே மாதக்கணக்கில் கீழே இறங்கும். அந்த நுனி மண்ணைத் தொட்டு உள்ளே போய் வேர்விட்டதும் நிலைமை மாறிவிடும். தொங்கியது விறைக்கும், பருக்கும், பட்டை கட்டும், கிளைக்கு முட்டுக் கொடுக்கும். தொட்டது மண்ணாக இருந்தால்தான் இத்தனையும். சிமென்ட் தரையைத் தொட்டால் நுனி கருகும். அதற்கு முன்பே, ‘ஊஞ்சல்’ ஆடும் பிள்ளைகளும் உயரமான லாரிகளும் அதைப் பிய்த்துவிடுவதும் உண்டு. தோட்டக்காரர்கள் அதனால்தான் பிளந்த மூங்கிலிலோ குழாயிலோ மண்ணும் எருவும் நிரப்பி, விழுதை அதற்குள் விட்டு, தரைவரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஆலமரத்துக்குச் செய்யக்கூடிய மருத்துவங்களில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து வேறில்லை.

பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் வழியில் கிளை பிரிந்து போனால் வரும் தொட்ட ஆலத மரத்துக்கும் இதுவே நடந்தது. மூன்று ஏக்கர் பரப்புள்ள அந்த மரத்தின் மூல அடிமரம் நோயில் போய்விட்டது. விழுதுகள் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன.

ஆந்திரத்தில் கதிரி அருகே இருக்கும் திம்மம்மா மர்ரிமானு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. 19,107 சதுர மீட்டர் பரப்பு; 1989இல் உலகின் மிகப் பெரிய ஆலமரம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 15ஆம் நூற்றாண்டில் திம்மம்மா என்ற பெண் கணவனின் சிதையில் உடன்கட்டை ஏறினார் என்றும், அந்தச் சிதைக்கு நட்ட கால் ஒன்று துளிர்த்து இந்த மரமானது என்றும் ஊரார் நம்புகிறார்கள். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் நிறைய. ஒரு பெண் எரிந்துபோனதைப் பெருமையாகச் சொல்லும் கதையை என்னால் ஏற்க முடியாது. ஆனால் இந்த நம்பிக்கை இருந்ததால்தான் ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தை உழவுக்கு எடுக்காமல் அந்த மக்கள் விட்டுவைத்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது. வறண்ட ராயலசீமையில் ஐந்து ஏக்கர் என்பது சின்னத் தியாகம் இல்லை.

மக்கள் மிதித்தே ஒரு மரத்தைக் கொல்ல முடியும் என்பதற்குத் தெலங்கானாவின் மஹபூப்நகர் பில்லலமர்ரி எச்சரிக்கை. 700 வயது என்று சொல்லப்படும் அந்த ஆலமரத்தின் கிளைகளில் சுற்றுலா வந்தவர்கள் ஏறி ஆடினார்கள், பட்டையில் பெயர் செதுக்கினார்கள். கரையான் உள்ளே புகுந்தது. 2017 டிசம்பரில் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தபிறகுதான் பொதுமக்களை உள்ளே விடுவதை நிறுத்தினார்கள். கரையான் மருந்தை நீரில் கலந்து, மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றுவதுபோல நூற்றுக்கணக்கான குளுகோஸ் பாட்டில்களைக் கிளைகளில் தொங்கவிட்டுச் சொட்டுச்சொட்டாக ஏற்றினார்கள். கிளைகளுக்கு முட்டுத்தூண் கட்டினார்கள். மரம் மீண்டது. பாட்டில்கள் தொங்கிய மரத்தின் படம் அப்போது நாடு முழுக்கப் பரவியது. அதைப் பார்த்து வியந்தவர்கள் பலர். ஒரு மரம் அந்த நிலைக்கு எப்படிப் போனது என்று கேட்டவர்கள் குறைவு.

சாலைக்கு முன்னால் வந்தவை

வழிநடைக்காரர்களுக்கு நிழல் வேண்டும் என்று மரம் வைப்பது இந்த மண்ணில் அரச கடமையாக இருந்தது. மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் நிழல் தரச் சாலையோரம் ஆலமரங்கள் நட்டதையும், மாந்தோப்புகள் வைத்ததையும், கிணறுகள் வெட்டியதையும் அசோகர் தம் ஏழாம் தூண் சாசனத்தில் சொல்கிறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அரசாணையில் மாட்டுக்கும் நிழல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரைச் சொன்னாலே சாலையும் சத்திரமும் நிழல் மரமும்தான் இன்றைக்கும் நினைவுக்கு வரும்.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் அந்த இடத்தைப் புளி பிடித்துக்கொண்டது. ஆழமாக வேர் இறங்கும், வறட்சி தாங்கும், எளிதில் காற்றுக்குச் சாயாது, காய்த்தால் காசு. நெடுஞ்சாலைத் துறை ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, வெள்ளைப் பட்டை அடித்து, ஆண்டுதோறும் புளியை ஏலம் விட்டது. இருபுறமும் புளியங்கிளைகள் மேலே கைகோத்த சாலையில் பேருந்தில் போனவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி நினைவிருக்கும். நான்கு வழிச் சாலைக்காக அந்த வரிசைகள் பெரும்பாலும் போய்விட்டன. சுந்தர ராமசாமி 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ எழுதியபோது, முச்சந்தியில் நின்ற ஒற்றை மரத்தை மனிதர்களின் போட்டியும் பகையும் கொல்வதைச் சொன்னார். அந்த நாவல் வந்தபிறகு நாம் வெட்டிய புளியமரங்களுக்குப் பகை காரணமில்லை. வேகமாகப் போக வேண்டும் என்ற அவசரம்தான் காரணம்.

கர்நாடகத்தின் ஹுலிகல் கிராமத்துத் திம்மக்கா பற்றிப் படிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். கூலி வேலை செய்த அவரும் கணவர் சிக்கய்யாவும் ஹுலிகல்–கூடூர் சாலையில் 4 கிலோமீட்டர் தூரத்துக்கு 385 ஆலமரங்களை வளர்த்தார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, ஆடு மாடு கடிக்காமல் முள் கட்டி வளர்த்த மரங்கள். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே 2019இல், சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்து அந்த மரங்களுக்கே ஆபத்து நேர்ந்தது. நூறு வயதைத் தாண்டிய அந்த அம்மா, மரங்களை விட்டுவிடுங்கள் என்று முதலமைச்சரிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. விருது கொடுத்த நாட்டில், அவர் வளர்த்த மரத்துக்கு இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டிய நிலை! அவர் கேட்டதால் மரங்கள் தப்பின. கேட்க ஆளில்லாத மரங்கள் எத்தனையோ.

ஹைதராபாத்திலிருந்து பிஜாப்பூர் போகும் நெடுஞ்சாலையில், செவெள்ளா வட்டாரத்தில் நிஜாம் காலத்து ஆலமரங்கள் சுமார் 900 இருக்கின்றன. சாலையை அகலமாக்க அவற்றை அகற்றும் திட்டத்தை எதிர்த்து நகர மக்கள் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். சாலை குறுகல், விபத்து நடக்கிறது, அகலம் வேண்டும் என்று கேட்பவர்களின் கோரிக்கை நியாயமானது. விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் ஆலமரத்தின் பெருமையைப் பேச முடியாது. ஆனால் மரமா உயிரா என்று கேட்பது, மூன்றாவது வழியை யோசிக்க மறுப்பதற்குச் சமம். பழைய சாலையை ஒரு வழிக்கு வைத்துக்கொண்டு, மரவரிசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வழியைப் போடலாம். மரங்கள் நடுவில் நிற்கும். நிலம் கையகப்படுத்தக் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவுதான் நூறு வருட நிழலின் விலை.

விலை என்றதும் வங்காளத்தின் ஜெஸ்ஸோர் சாலை வழக்கைச் சொல்லியாக வேண்டும். ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 பழைய மரங்களை வெட்டுவது தொடர்பான அந்த வழக்கில், ஒரு மரத்தின் மதிப்பு என்ன என்று உச்ச நீதிமன்றமே நிபுணர் குழு அமைத்துக் கேட்டது. ஒரு மரம் ஆண்டுக்கு ₹74,500 பெறும், அதில் ஆக்சிஜன் மட்டுமே ₹45,000, நூறு வயது கடந்த பாரம்பரிய மரம் ஒரு கோடிக்கு மேலேயே போகும் என்று குழு 2021இல் கணக்குக் கொடுத்தது. வெட்டப்படவிருந்த மரங்களின் மதிப்பு ₹220 கோடி. இவ்வளவுக்குப் பிறகும் 2023 பிப்ரவரியில் 306 மரங்களை வெட்ட நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மரத்துக்கு விலை போட்டால் மரம் பிழைத்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பாடம்.

ஒன்றுக்குப் பத்து

‘வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம்’ என்று எல்லா அதிகாரிகளும் சொல்கிறார்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டு நிழலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தெருவில் நிற்கும் ஒரு நல்ல தூங்குமூஞ்சி மரம், அடியிலிருந்து எல்லாப் பக்கமும் 12 மீட்டர் கிளை நீட்டினால், அதன் நிழல் சுமார் 450 சதுர மீட்டர். புதிதாக வைத்த கன்று அரை மீட்டர் கிளை நீட்டினால், நிழல் ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது. ஒரு மரத்தின் நிழலுக்கு ஈடு செய்ய 570க்கு மேல் கன்றுகள் வேண்டும். அத்தனையும் பிழைக்கவும் வேண்டும். அவற்றை எங்கே நடுவார்கள்? பெரும்பாலும் ஊருக்கு வெளியே. வெயிலில் நிற்கும் மனிதர் இருப்பதோ ஊருக்குள்.

பெங்களூருவில் ஹரிணி நாகேந்திராவும் அவருடைய குழுவினரும் மரமுள்ள தெருக்களையும் மரமில்லாத தெருக்களையும் ஒப்பிட்டு அளந்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, மரமுள்ள தெருவில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரிவரை குறைவு. தார்ச்சாலையின் மேற்பரப்பில் வித்தியாசம் 27.5 டிகிரிவரை! வெயிலைத் தடுப்பது ஒரு பங்கு. இலை வழியே நீரை ஆவியாக்கிச் சூழலைக் குளிர்விப்பது இன்னொரு பங்கு. தகரக் கொட்டகைக்கு முதல் வேலை தெரியும், இரண்டாவது தெரியாது.

இந்த 5 டிகிரி, குளிர்சாதன அறையில் இருப்பவர்களுக்குப் பொருட்டில்லை. இளநீர் விற்பவர், செருப்புத் தைப்பவர், இஸ்திரி வண்டிக்காரர், பூக்கட்டும் பெண்கள், ஸ்டாண்டில் காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர்கள், உணவு டெலிவரிக்கு அழைப்பு வரும்வரை பைக்கில் சாய்ந்திருக்கும் இளைஞர்கள் என இவர்கள் எல்லோருக்கும் மரத்தடிதான் வேலைசெய்யும் இடம். மரத்தை வெட்டினால் இவர்களின் கடையும் அதோடு போகிறது. அதற்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் வரி இல்லை. இன்று கோடிகளைப் புரட்டும் மும்பைப் பங்குச் சந்தையும் இப்படி மரத்தடியில் முளைத்ததுதான். 1850களில் டவுன் ஹால் எதிரே ஆலமரத்தடியில் கூடிய தரகர்கள் சில பேர், 1875இல் சங்கமாகத் திரண்டார்கள்.

மனிதர்கள் இருக்கட்டும். ஒரு பழைய ஆல் பழுக்கும் காலத்தில் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். குக்குறுவான், மைனா, குயில், பச்சைப்புறா எல்லாம் பகலில். இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள். அந்தப் பழத்துக்குள் பூக்கள் மறைந்திருக்கின்றன. ஆலுக்கென்றே உள்ள நெல்லளவுகூட இல்லாத ஒரு குளவி உள்ளே நுழைந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கும். ஆல் இல்லாவிட்டால் அந்தக் குளவி இல்லை. அந்தக் குளவி இல்லாவிட்டால் விதை பிடிக்காது. மரங்கள் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓயும்போது இன்னொன்று தொடங்கும். அதனால் ஊரில் ஒன்றிரண்டு மிஞ்சினால் போதாது. பறக்கும் தூரத்தில் பல வேண்டும்.

இனி நகரத் தெருவில் மரத்துக்கு நாம் கொடுக்கும் இடத்தைப் பார்ப்போம். நடைபாதையில் இரண்டடிக்கு இரண்டடி சதுரம். அதையும் டைல்ஸ் பதிக்க வரும்போது அடிமரம்வரை சிமென்ட் பூசி மூடிவிடுகிறார்கள். ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்கு ஜேசிபி வேரை அறுக்கிறது. இன்னொரு பக்கம் கேபிள் போட மறுபடி தோண்டுகிறார்கள். மேலே மின்கம்பி போகும் பக்கத்துக் கிளையை மட்டும் வெட்டி, மரத்தின் பாரத்தை ஒருபுறமாகச் சாய்க்கிறார்கள். அடிமரத்தில் டியூஷன் சென்டர் பலகைக்கு ஆணி, அடியில் குப்பையைக் கூட்டித் தீ. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, விழுந்து கிடந்தவற்றின் அடிப்பகுதி இந்தக் கதையை அப்படியே சொன்னது. எவ்வளவோ உயர மரத்துக்கு, நட்ட குழியின் அளவுக்கே வேர். மறுநாளே ‘வெளிநாட்டு மரம், அதனால் விழுந்தது’ என்ற பேச்சு வந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும் தென்னமெரிக்கத் தூங்குமூஞ்சியும் எளிதில் முறிபவை என்பது உண்மைதான். ஆனால் வேப்பமரத்தையும் அதே குழிக்குள் வைத்துச் சிமென்ட் பூசினால் அதுவும் விழும். மரத்தின் பிறந்த நாட்டை விசாரிக்கும் முன், அதற்கு மண் கொடுத்தோமா என்று கேட்க வேண்டும்.

வந்தேறி மரம் என்றால் பெருக்க மரத்தைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. ராமநாதபுரம் பக்கம் பப்பரப்புளி, பொந்தன்புளி என்பார்கள். ஹைதராபாத் கோல்கொண்டா கோட்டையின் நயா கிலாவில் 25 மீட்டருக்கு மேல் சுற்றளவோடு ஒன்று நிற்கிறது. இலங்கையின் மன்னாரில், பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது ஊர்ப்பேச்சு. கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதால் நிழல் மரம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பல நூற்றாண்டுகளாக அதை யாரும் அந்நியம் என்று நினைக்கவில்லை. இடம் விட்டார்கள், இருக்கிறது.

வயதான மரத்துக்கு வைத்தியர் வேண்டும்

மரத்தை நேசிப்பவர்கள் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் சண்டிகரில் ஒரு பள்ளி வளாகத்தில், பாரம்பரிய மரம் என்று அறிவிக்கப்பட்டிருந்த 250 ஆண்டு அரசமரம் முறிந்து விழுந்து, இடைவேளையில் நிழலில் இருந்த ஒரு மாணவி இறந்துபோனாள். பலகை மாட்டினால் கடமை முடிந்தது என்று நினைத்ததன் விளைவு அது. முதிய மரம் ஒன்றை வைத்துக்கொள்வது என்றால், ஆண்டுதோறும் அதைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அடிமரத்துக்குள் எவ்வளவு பொந்து என்பதை ஒலி அலையால் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. கிளைக்கு முட்டு, பாரம் குறைக்கும் கவாத்து, ஆபத்தான பக்கத்துக்கு வேலி என வழிகள் இருக்கின்றன. புத்தகயாவின் போதிமரத்தை டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தொடர்ந்து வந்து பார்க்கிறார்கள். அந்த மரபின் கிளை ஒன்று அனுராதபுரத்துக்குப் போய், கி.மு. 288இல் நட்டதாக ஆவணம் சொல்ல, இன்றும் தங்க வேலிக்கும் முட்டுக்கால்களுக்கும் நடுவில் துளிர்க்கிறது. மனிதர் நட்டவற்றில், நட்ட காலம் தெரிந்த மிகப் பழைய மரம் அதுதான். தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் ஒரு மரத்தை 2,300 ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

சட்டத்திலும் வழி இருக்கிறது. பெங்களூரு அருகே தேவனஹள்ளிப் பக்கம், நல்லூரில் உள்ள பழைய புளியந்தோப்பை 2007இல் நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 50 ஏக்கருக்கு மேல், சுமார் 300 மரங்கள். ஒன்றின் வயது 400ஐத் தாண்டும் என்று கரிமக் கணிப்பில் தெரிந்தது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி எந்த மாநில அரசும், உள்ளாட்சிகளைக் கலந்து இப்படி அறிவிக்கலாம். மகாராஷ்டிரம் 2021இல் தன் நகர்ப்புற மரச் சட்டத்தைத் திருத்தி, 50 வயது கடந்த மரங்களுக்குப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. அப்படியொரு மரத்தை வெட்டினால், அதன் வயது எத்தனையோ அத்தனை கன்றுகள் நட வேண்டும். கன்றுக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு என்றாலும், வயதைச் சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955இலேயே சட்டம் போட்ட தமிழ்நாடு, சென்னை, மதுரை, கோவை தெருக்களில் நிற்கும் முதிய மரங்களுக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும்.

வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதை இப்போது பலர் தீர்வாகச் சொல்கிறார்கள். போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும் ஆல், அரசு போன்றவை ஓரளவு பிழைக்கும். ஆணிவேர் இறக்கிய புளியும் நாவலும் பிழைப்பது அரிது. பிழைத்தாலும், நூறு வருடக் கிளையைக் கழித்து மொட்டை மரத்தைத்தான் கொண்டுபோகிறார்கள். நிழல் வண்டியில் ஏறுவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, இந்த வாரமே செய்யலாம். உங்கள் தெருவில் உள்ள பெரிய மரத்தின் அடியைப் போய்ப் பாருங்கள். நெஞ்சுயரத்தில் ஒரு நூலைச் சுற்றி அளவெடுத்து, தேதி போட்டுப் புகைப்படத்தோடு எழுதி வையுங்கள். அடிமரம்வரை சிமென்ட் பூசியிருந்தால், சுற்றிலும் ஒரு மீட்டருக்கு அதைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடச் சொல்லி மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் கொடுங்கள். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களுக்கு இதே ஒரு மீட்டரைத்தான் கேட்டு உத்தரவிட்டது. அந்த உத்தரவை மனுவில் மறக்காமல் குறிப்பிடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.